மாதுளைக்குக் கிளவுஸ் மாட்டிய ஞாயிறுகள்

"இன்னாக்கா இது? மரத்துல கை காய்ச்சிகீது?"

குரல் வந்த பக்கம் திரும்பினேன். பின்பக்க மதிலுக்கு மேலே ஒரு பெண்ணோட தலை மட்டும் தெரிஞ்சது. என் வயசுதான் இருக்கும், இல்லேன்னா ஒண்ணு ரெண்டு குறைச்சல். கண்ணை இடுக்கிக்கிட்டு என் மாதுளையையே பார்த்துக்கிட்டிருந்தாள்.

நான் ஸ்டூல்ல ஏறி நின்னு மாதுளைப் பிஞ்சுக்கெல்லாம் கிளவுஸ் மாட்டிக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க, நிஜமாவே கிளவுஸ்தான். எங்க வீட்டுக்காரர் கார் பாகம் செய்யற கம்பெனியில பிரஸ் ஷாப்ல இருந்தார். தகடு தூக்கறவங்களுக்கு வெள்ளைப் பின்னல் கிளவுஸ் கொடுப்பாங்க. எண்ணெய் பிடிச்சதும் கழிச்சுப் போட்டுடுவாங்க. அதை இவர் பை பையா வீட்டுக்குக் கொண்டுவருவார், வண்டி துடைக்கலாம்னு. அந்த வண்டியை அவர் துடைச்சு நான் பார்த்ததே இல்ல.

நான் அதையெல்லாம் சோடா உப்புல ஊறப்போட்டு, அடிச்சுத் துவைச்சு, மாதுளைக்கு எடுத்துக்கிட்டேன். மூடாம விட்டா பாதியை அணில் கடிக்கும், மீதியைப் புழு துளைக்கும். பிளாஸ்டிக் கவர் கட்டினா பங்குனி வெயில்ல பிஞ்சு வெந்துபோகும். பின்னல் கிளவுஸ்னா காத்து போகும், பிஞ்சு பெருக்கப் பெருக்க அதுவும் விரிஞ்சு கொடுக்கும். அஞ்சு விரலும் காலியா கீழே தொங்கும். காத்தடிச்சா மரமே டாட்டா காட்டும்.

"அணிலுக்காகம்மா"ன்னு சொன்னேன்.

"அணிலு மெரண்டுடும்க்கா. நானே மெரண்டு பூட்டேன்"ன்னு சொல்லிட்டு அவள் சிரிச்சாள்.

நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. அந்த வாரம் முழுக்க எங்க வீட்டுக்காரரையும் பால்காரரையும் தவிர என்கிட்ட வாய் திறந்து பேசின முதல் ஆள் இவள்தான்.

வீடே இல்லாத தெருக்கள்

ஒரகடத்துலேருந்து வாலாஜாபாத் போற ரோட்டுல இறங்கி உள்ளே நடந்தா எங்க நகர் வரும். நகர்னு பேருதான். மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல் நட்ட மனைகள், வரிசையா. "மூன்றாவது குறுக்குத் தெரு"ன்னு போர்டு இருக்கும், தெருவுல ஒரு வீடு இருக்காது. வாங்கினவங்க எல்லாம் விலை ஏறட்டும்னு எங்கேயோ உட்கார்ந்திருந்தாங்க. குடி வந்த ஏமாளி நாங்க ஒருத்தர்தான்.

அதுக்கு முன்னாடி இருங்காட்டுக்கோட்டையில வாடகைக்கு இருந்தோம். வரிசையா ரூம் கட்டி விட்டிருப்பாங்களே, அதுல கடைசிப் போர்ஷன். எங்க சுவருக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிப் பையன்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாத்தி மாத்திப் படுப்பாங்க. ஒருத்தன் எழுந்து போனா அதே பாய்ல இன்னொருத்தன். யாரோட செல்போன்ல அலாரம் அடிச்சாலும் எழுந்து உட்கார்றது நான். அவனுங்க எழுந்திருக்க மாட்டானுங்க. ஐயோ சாமி, எனக்குக் கொஞ்சம் அமைதியைக் கொடுன்னு நான் வேண்டாத தெய்வம் இல்ல.

கொடுத்துச்சு தெய்வம். இந்தா, நல்லா வாங்கிக்கோன்னு கொடுத்துச்சு.

சொந்த வீடு, கிணத்துத் தண்ணி மாதிரி நல்ல போர் தண்ணி, சுத்தி மதில், பின்பக்கம் செடி வைக்க இடம். எல்லாம் இருந்தது, ஆளுதான் இல்ல. மகள் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிச்சாள். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாள். "சாப்பிட்டியாம்மா? சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான். இவருக்கு ஞாயித்துக்கிழமைன்னா ஓ.டி. "கடன் முடியற வரைக்கும்தான்"னு சொல்வார். முடிஞ்சப்புறமும் போனார்.

எங்க ஊர் கோவில்பட்டியில நான் வாய்க்காரின்னு பேரு வாங்கினவ. மூணு தெரு தள்ளி நடக்கற சண்டைக்குக்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் ஆள் அனுப்புவாங்க. அப்படிப்பட்டவ இங்க வந்து செம்பருத்திகிட்டப் பேச ஆரம்பிச்சேன். "ஏன்டி இப்படி வாடிக் கிடக்க?"ன்னு கேட்டுட்டு, நானே சுத்திமுத்திப் பார்த்துக்குவேன், யாராவது கேட்டுட்டாங்களோன்னு. கேட்கறதுக்கு யாராவது இருந்திருந்தாத்தான் எனக்கு இந்தக் கதியே வந்திருக்காதே.

பங்குனி ஞாயிறு வேலைகள்

செடி வைக்கறவங்களுக்கு மாசி பங்குனியில கை ஒழியாது. எனக்கு அதுதான் வேணும், கை ஒழியவே கூடாது.

காலையில செம்பருத்தி. வெயில் ஏற ஏற நுனியில மாவுப்பூச்சி வெள்ளையா அப்பிக்கும். பழைய டூத் பிரஷ்ஷை சோப்புத் தண்ணியில தொட்டுத் தேய்ச்சு விடணும். ஒவ்வொரு கொம்பா உட்கார்ந்து தேய்ச்சா ஒரு மணி நேரம் ஓடிடும். அடுத்து வாழை. துணி துவைக்கற தண்ணி போற இடத்துல வச்சிருந்தேன். பக்கக்கன்னு முளைச்சுக்கிட்டே இருக்கும், ஒண்ணை விட்டுட்டு மத்ததை வெட்டணும். எலுமிச்சைக்கு அடியில சருகு போட்டு மூடணும், வேர் காயாம.

மண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க மனை முன்னாடி நெல் வயலாம். மேடாக்கறோம்னு சொல்லி கிராவலையும் உடைச்ச கட்டட இடிபாட்டையும் கொட்டி ரொப்பியிருந்தாங்க. மம்பட்டியைப் போட்டா 'டங்'குனு சத்தம் வரும். ஒரு முழம் தோண்டறதுக்குள்ள டைல்ஸ் துண்டு, கம்பி, ஒரு தடவை யாரோட ஒத்தைச் செருப்போ வந்தது. அந்த மண்ணுல மல்லி வச்சுப் பூக்க வச்சேன்னா பார்த்துக்கோங்க. தையில கவாத்து பண்ணி, இலையெல்லாம் உருவி விட்டு, மொட்டையா நின்ன செடிக்கு எரு போட்டுத் தண்ணி விட்டேன். பங்குனியில பொலபொலன்னு மொக்கு கொட்டுச்சு.

மத்தியானம் மூணு மணி வாக்குல மொக்கு பறிக்கணும். அதுக்கு மேல விட்டா விரிஞ்சிடும். பறிச்சு, கிளவுஸ் மணிக்கட்டு ஓரத்துல ஓடற மஞ்சள் நூலைப் பிரிச்சு அதாலேயே கட்டுவேன். நூல்கண்டு வாங்கணும்னா ஒரகடம் கூட்டு ரோடு வரைக்கும் போகணும், யாரு போறது? நடுவுல நடுவுல மருக்கொழுந்து வச்சு நெருக்கமாக் கட்டுவேன்.

கட்டி முடிச்சதும் ஒரு கஷ்டம் வரும். அவ்வளவு பூவையும் வச்சுக்கிட்டு நான் யாரைப் பார்க்கப் போறேன்? சாமி படத்துக்குப் போட்டது போக மீதியைத் தலையில வச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துட்டு, டிவி போட்டு உட்காருவேன். இவர் வந்து சாப்பிட்டுப் படுத்தா பூ வச்சிருக்கேனா, மொட்டை அடிச்சிருக்கேனான்னுகூடத் தெரியாது.

அதனாலதான் மதிலுக்கு மேல அந்தத் தலை தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மஞ்சள் நூல்

பேரு கஸ்தூரி. பொறந்த வீடு பென்னலூர். எங்க மதிலுக்குப் பின்னால பழைய ஊர்த் தெரு. அவ வீட்டுப் பின்பக்கமும் என் வீட்டுப் பின்பக்கமும் முதுகோட முதுகு ஒட்டி இருந்தது. வாசல் அந்தத் தெருவுல இருந்ததால அதுவரைக்கும் நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. புருஷன் கம்பெனி பஸ் ஓட்டறார். ரெண்டு பையன்களும் ஆளுக்கொரு ஷிப்ட். வீட்டு முன்னால ரூம் கட்டி வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு விட்டிருந்தாங்க.

அடுத்த ஞாயிறு ஹாலோ பிளாக் கல் ஒண்ணை மதிலோரம் போட்டு ஏறி நின்னு, "கஸ்தூரீ"ன்னு கூப்பிட்டேன். அவள் கொடியில துணி போட்டுக்கிட்டிருந்தாள். பச்சைப் பெட்ஷீட். ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு ஓடி வந்தாள்.

"இந்தா, பூ. வச்சுக்கோ."

ரெண்டு கையையும் நீட்டி வாங்கினாள். மோந்து பார்த்தாள். "ஐய, மருக்கொழுந்து போட்டுக் கட்டிகீறியே! நல்லா கீதுக்கா."

"தலையில வை, பார்ப்போம்."

"இன்னும் குளிக்கலக்கா. அப்பால."

காதுலயும் கழுத்துலயும் பொட்டுத் தங்கம் இல்ல. அடகுல இருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். நெத்தியும் காலியாத்தான் இருந்தது. வேர்வையில அழிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். இதையெல்லாம் ஒருத்தியைக் கேட்க முடியுமா? கேட்காம இருக்கறதுதான் மரியாதைன்னு பட்டது. அந்த இரக்கத்துலேயே அடுத்த வாரம் ரெண்டு முழம் கூடக் கட்டினேன்.

இப்படியே வாராவாரம். நாலு மணிக்கு நான் கல்லு மேல ஏறுவேன். அவள் கொடியாண்ட நிப்பாள். பூ கை மாறும். அப்புறம் பேச்சு. என் பேச்சைக் கேட்டு, "பாட்டு பாடற மாரியே பேசறியேக்கா"ன்னு கிண்டல் பண்ணுவாள். அவ 'வூட்டாண்ட'ன்னு சொல்றதை நான் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன். கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் திங்கக்கிழமையிலேருந்து காத்திருந்தேன்னு சொன்னா இப்போ எனக்கே வெட்கமா இருக்கு. ஆனா உண்மை அதுதான்.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவே இல்ல. வெயில் இறங்கின நாலு மணிக்கு எந்தப் பொம்பளையாவது துணி காயப்போடுவாளா? சரி, ஊருக்கு ஊரு ஒரு வழக்கம்னு இருந்துட்டேன்.

பஸ் ஸ்டாண்டில்

ஒரு ஞாயிறு கம்பெனியில கரண்ட் வேலைன்னு லைனை நிறுத்திட்டாங்க. இவருக்கு அதிசயமா லீவு. ஸ்ரீபெரும்புதூர் போய் மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்துட்டு வரலாம்னு கிளம்பினோம். கிளம்பறதுக்கு முன்னாடி அவசர அவசரமா மொக்கு பறிச்சுக் கட்டி, கஸ்தூரிகிட்டக் கொடுத்துட்டுத்தான் போனேன்.

மிக்ஸியைக் கொடுத்துட்டுத் திரும்பி வந்தா, பஸ் ஸ்டாண்டுல மூணு பொண்ணுங்க நின்னு ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டிருந்தாங்க. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. மூணு ஜடையிலும் மல்லி, நடுவுல மருக்கொழுந்து. ஓரத்துல மஞ்சள் நூல் தொங்குது.

கிளவுஸ் நூலைப் பிரிச்சுப் பூக் கட்டற கிறுக்கச்சி தமிழ்நாட்டுல வேற எவ இருக்கப் போறா?

கிட்டப் போனேன். "ஏம்மா, பூ எங்க வாங்கினீங்க?"

"வாங்கலக்கா. எங்க ஹவுஸ் ஓனரம்மா குடுத்தாங்க. வாராவாரம் குடுப்பாங்க. அவங்க தோட்டத்துப் பூ."

அவங்க தோட்டமாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிடுச்சு. இவர், "என்ன, என்ன?"ங்கறார். என்னத்தைச் சொல்றது? பஸ்ல வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கிட்டேன். பூ போனா மசுரே போச்சு, அது இல்ல விஷயம். ஒருத்திக்குன்னு நினைச்சு நினைச்சுக் கட்டினது. அவ தலையில ஒரு நாளாவது பார்க்கணும்னு ஆசைப்பட்டது. அவ வாங்கின கையோட வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கா. அப்போ அந்தக் கால் மணி நேரப் பேச்சு? அதுவும் பேருக்குத்தானா?

கோபப்பட்டது தப்புன்னு இன்னிக்கும் நான் சொல்ல மாட்டேன். நீங்களா இருந்தாலும் பட்டிருப்பீங்க.

விரிந்து விழுந்த பூ

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நான் பின்பக்கமே போகல. அதுக்கடுத்த ஞாயிறும் போகல. மொக்கைப் பறிக்காம விட்டதுல எல்லாம் செடியிலேயே விரிஞ்சு, காலையில பார்த்தா தரையெல்லாம் வெள்ளையாக் கிடந்தது. மத்தியானத்துக்குள்ள பழுப்பு. கூட்டித் தள்ளினேன்.

சமையல்கட்டு ஜன்னல் வழியாப் பார்த்தா கொடியோட மேல்முனை தெரியும். நாலு மணிக்குச் சரியா அந்தப் பச்சைப் பெட்ஷீட் ஏறும். 'இவ வீட்டுல வேற பெட்ஷீட்டே கிடையாதா'ன்னு அதுக்கும் ஒரு எரிச்சல். இருமல் சத்தம் கேட்கும். பக்கெட்டை நங்குனு வைக்கற சத்தம் கேட்கும். நான் அசையல.

அப்போ ஒட்டு மா ஒண்ணு இருந்தது, வச்சு முதல் வருஷம். அது அவசரப்பட்டுப் பூத்துப் பிஞ்சும் பிடிச்சிருந்தது. சின்னச் செடியில காய்க்க விட்டா செடி தேறாது, முதல் காய்ப்பைக் கிள்ளிப் போட்டுடணும். அந்த ரெண்டாவது ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொரு பிஞ்சாக் கிள்ளினேன். ஏனோ அழுகை வந்துடுச்சு. பிஞ்சுக்காக இல்ல. பேச ஆள் இல்லாம இருக்கறது ஒரு கஷ்டம்னா, ஒரு ஆள் கிடைச்சு இல்லாமப் போறது அதைவிடப் பெரிய கஷ்டம்னு அன்னிக்குத் தெரிஞ்சது. கோவில்பட்டிக்கே போயிடலாம், இவர் இங்க ஓ.டி. பார்த்துக்கிட்டே இருக்கட்டும்னுகூடத் தோணுச்சு. பெட்டியைப் பரண்லேருந்து இறக்கித் தூசி தட்டி வச்சேன்.

மறுநாள் காலையில கேட்டைத் தட்டற சத்தம். திறந்தா கஸ்தூரி. தெரு சுத்தி நடந்து வந்திருக்கா. அவளை முழு ஆளா நான் பார்த்தது அப்போதான், அதுவரைக்கும் தலையும் தோளும்தான். குள்ளம். அந்தப் பக்கம் அவளும் எதையோ போட்டு ஏறி நின்னுதான் என்கிட்டப் பேசியிருக்கான்னு புரிஞ்சது.

"இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆளையே காணோம்?"

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். என் பூவைத்தான் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்."

அவ முகம் சுருங்கிடுச்சு. கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாள்.

"நாங்க சபைக்குப் போறவங்கக்கா. ஞானஸ்நானம் எட்த்துட்டோம். பூ வெக்கிறதில்ல, பொட்டு இல்ல, நகை போடறதில்ல. நீ ஆசையா கட்டிக் குடுத்தத குப்பைல போட மனசு வரல. அதான் அந்தப் பொண்ணுங்களாண்ட குட்த்தேன்."

எங்க ஊர்ப் பக்கம் வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, வீட்டுப் பொம்பளைங்க சர்ச்சுக்குப் போறதே தலை நிறையப் பூ வச்சுக்கிட்டுத்தான். பெந்தகோஸ்தே சபைக்குப் போறவங்க வைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாததில்ல. கஸ்தூரின்னு பேரை வச்சுக்கிட்டு நிக்கிறவகிட்ட அது எனக்குத் தோணவே இல்ல.

"அப்போ முதல் நாளே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா இருந்தது?"

"சொல்லிருந்தா நீ அடுத்த வாரம் கூப்ட்டிருப்பியா?"

நான் கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டேன்.

"எங்க வூட்ல அவரு வந்தா தூங்குவாரு, எழுந்தா பஸ்ஸு. பசங்க ஒருத்தன் வர்றப்ப ஒருத்தன் போறான். 'சோறு கீதா'ன்றதோட சரி. அந்தப் பொண்ணுங்க ஓனரம்மான்னு கூப்பிடுங்க. கஸ்தூரின்னு பேரு சொல்லிக் கூப்பிடறது நீ ஒருத்திதான்க்கா." கண்ணைத் துடைச்சுக்கிட்டாள். "பூ வேணாம். ஆனா கூப்டு."

உள்ளே வான்னேன். பையன் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்னு போயிட்டாள்.

மொட்டை மாடியிலிருந்து

கூப்பிடுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஆனா அடுத்த ஞாயிறு எனக்குக் கால் வரல. கையில ஒண்ணும் இல்லாம ஒருத்தரை எப்படிக் கூப்பிடறது? மாதுளை இன்னும் கிளவுஸ்க்குள்ளதான் இருந்தது, பழுக்க நாளாகும். இருந்த எலுமிச்சையை ஊறுகாய்க்கு வெட்டி உப்புல போட்டு மாடியில காயவச்சுட்டேன். கூப்பிட்டு என்னன்னு கேட்டா என்ன சொல்றது? மூணு தெருச் சண்டையைத் தீர்த்து வச்ச வாய்க்காரிக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கல.

நாலு மணி ஆகப் போகுது. காக்கா இறங்குதேன்னு எலுமிச்சையை எடுக்க மாடிக்குப் போனேன். மத்த ஞாயிறுகள்ல அந்த நேரம் நான் மல்லிச் செடியாண்ட உட்கார்ந்து பூக் கட்டிக்கிட்டிருப்பேன், மாடிக்குப் போனதே இல்ல. அங்கேருந்து பார்த்தா கஸ்தூரி வீட்டுப் பின்பக்கம் முழுசாத் தெரிஞ்சது.

அவள் உள்ளேருந்து வந்தாள். கையில அந்தப் பச்சைப் பெட்ஷீட். நாலா மடிச்சு, மடிப்புக் கலையாம, பீரோவிலேருந்து எடுத்த மாதிரி. பக்கெட் தண்ணியில அதைப் போட்டு அமுக்கினாள். எடுத்துப் பிழிஞ்சாள். கொடியில விரிச்சுப் போட்டு ஓரத்தை இழுத்து விட்டாள். அப்புறம் மதில் பக்கம் திரும்பிச் சும்மா நின்னாள்.

எலுமிச்சைத் தட்டை அப்படியே வச்சுட்டு இறங்கி ஓடினேன். காக்கா தின்னா தின்னட்டும். கல்லு மேல ஏறும்போது மூச்சு வாங்குது. நான் பார்த்ததை அவகிட்ட நான் சொல்லவே இல்ல, அன்னிக்கும் சொல்லல, அதுக்கப்புறமும் சொல்லல.

"கஸ்தூரீ!"

"இரு அக்கா, துணி காயப் போட்டுகினு கீறேன்." ரொம்ப வேலையா இருக்கற மாதிரி பெட்ஷீட்டை ஒரு உதறு உதறினாள். "இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."